ஹிந்துவுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் ஒரே முகவரியா? 100, மவுண்ட் ரோடு

பழையபெட்டி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது அடியில் விரித்திருந்த பழைய பேப்பர்கள் கிடைத்தன. பூச்சி அரித்தது போக மூன்று தாள் தேறியது. ஒன்று 1930களின் ‘ஹிந்து’. முதல் பக்கம் முழுக்க விளம்பரம்தான், செய்தியைக் காணவே காணோம். இரண்டாவது யுத்த காலத்து ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’. மூன்றாவது 1960களின் ‘சுதேசமித்திரன்’.

எனக்குக் குழப்பம் எங்கே என்றால், ஹிந்துவின் அடியில் அச்சிட்ட இடம் ‘100, மவுண்ட் ரோடு’ என்று இருக்கிறது. எக்ஸ்பிரஸிலும் அதே 100, மவுண்ட் ரோடு. போட்டிப் பத்திரிகைகள் இரண்டும் எப்படி ஒரே கட்டடத்தில் இருந்திருக்கும்? மித்திரனில் ‘விக்டரி ஹவுஸ், மவுண்ட் ரோடு’. அம்மாவிடம் கேட்டேன். “அந்தக் காலத்தில் பேப்பர் என்றாலே மவுண்ட் ரோடுதான்” என்று சொல்லிவிட்டுக் குக்கரைப் பார்க்கப் போய்விட்டார். ஏன் எல்லோரும் அந்த ஒரு தெருவைப் பிடித்தார்கள்? நான் தினமும் அண்ணா சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஹிந்துவைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லையே?

மெரினாகாத்து எழுதியது:

ஹிந்துவுக்கு ‘மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு, கேள்விப்பட்டதில்லையா? அண்ணா இறந்த 1969-ல்தான் தெருவுக்கு அண்ணா சாலை என்று பெயர் மாற்றினார்கள். ஹிந்து, எக்ஸ்பிரஸ், தினமணி, மெட்ராஸ் மெயில், மித்திரன், தினத்தந்தி எல்லாமே அங்கேதான் இருந்தன. ஆனந்த விகடன்கூட 757, மவுண்ட் ரோடு. ஒரு பத்திரிகை கட்டடத்தைக் காலி செய்ததும் இன்னொன்று வாடகைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். இதில் பெரிய மர்மம் ஒன்றும் இருக்கிற மாதிரி தெரியவில்லை.

ஈயக்கை எழுதியது:

மெரினாகாத்து தம்பி, பட்டியலில் தந்தியை எடுத்துவிடுங்கள். ஆதித்தனார் 1942-ல் மதுரையில் ஆரம்பித்த பத்திரிகை அது. சென்னையில் அதன் இடம் வேப்பேரி. மவுண்ட் ரோட்டு ஆட்களுக்கும் வேப்பேரி ஆட்களுக்கும் நடுவே ஓர் ஏளனம் எப்போதும் இருந்தது. இவர்கள் அவர்களைப் ‘படம் போட்ட பேப்பர்’ என்பார்கள். அவர்கள் விற்பனைக் கணக்கைக் காட்டிச் சிரிப்பார்கள். கடைசியில் சிரித்தது யார் என்பது ஊருக்கே தெரியும்.

நான் எழுபதுகளின் தொடக்கத்தில் மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை அச்சுக்கு அடுக்குகிறவனாகச் சேர்ந்தவன். பெரிய இடமெல்லாம் இல்லை. கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், ஒன்றிரண்டு வாரப் பத்திரிகை அடிக்கிற பிரஸ். பெரிய பத்திரிகைகளின் நிழலில் பிழைத்த அந்த மாதிரி பிரஸ்கள் சிந்தாதிரிப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் நிறைய இருந்தன. அதனால் பெரிய வீட்டுக் கதைகள் எல்லாம் டீக்கடையில் எங்கள் காதுக்கு வந்துவிடும்.

பழையபெட்டி தம்பி, உங்கள் தாள் இரண்டும் சரியாகத்தான் இருக்கின்றன. ஹிந்து 1883-ல் 100-ம் எண்ணுக்கு வந்தது. 1939-ல் தானே கட்டிய கஸ்தூரி பில்டிங்ஸுக்குப் போனது. இன்றும் இருப்பது அங்கேதான். மறு வருஷமே, 1940-ல், எக்ஸ்பிரஸ் இருந்த இடம் தீப்பிடித்து எரிந்து போனது. அதன் முதலாளி ராம்நாத் கோயங்கா கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிய நேரம். அப்போது உதவிக்கு வந்தது யார் என்றால் போட்டியாளரான ஹிந்துதான். முதலில் மித்திரன் பிரஸ்ஸில் எக்ஸ்பிரஸை அடிக்க ஏற்பாடு ஆயிற்று. அப்புறம், தான் காலி செய்துவிட்டுப் போன 100-ம் எண்ணையே வாடகைக்குக் கொடுத்தது ஹிந்து. அதனால் ‘காலி செய்ததும் இன்னொன்று வந்திருக்கும், அவ்வளவுதான்’ என்று கடந்து போகிற சமாசாரம் இல்லை இது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று பத்திரிகைகள் நிற்கின்றன. தாத்தா மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார் பாருங்கள்!

சரி, ஏன் மவுண்ட் ரோடு? தொடக்கத்தில் அங்கே யாரும் இல்லை. ஹிந்துவின் முதல் இதழ் 1878 செப்டம்பர் 20 அன்று வந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாச்சாரியார் முதலான ஆறு பேர், எல்லோரும் இருபதுகளில் இருந்த பையன்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, பின்னால் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறிய பிளாக் டவுனில், தங்கசாலைத் தெருவில் ஸ்ரீநிதி பிரஸ்ஸில் 80 பிரதி அடித்தார்கள். வாரம் ஒரு முறை வந்தது. முத்துசாமி ஐயரை ஹைகோர்ட் ஜட்ஜாகப் போட்டதை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் திட்டின. அதற்குப் பதில் சொல்லத்தான் இவர்கள் கிளம்பினார்கள். 1882-ல் சுதேசமித்திரனையும் இதே சுப்பிரமணிய ஐயர்தான் ஆரம்பித்தார். 1904-ல் பாரதியார் உதவி ஆசிரியராக வந்து உட்கார்ந்தபோதுகூட அந்தப் பத்திரிகை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. 1868-ல் மாலைப் பத்திரிகையாகப் பிறந்த மெட்ராஸ் மெயிலும் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிகளோடு கம்பெனியாக இருந்தது. கோர்ட், துறைமுகம், பாங்கு எல்லாம் அந்தப் பக்கம். பிரஸ்ஸும் அங்கே.

மவுண்ட் ரோட்டுக்கு இழுத்தது அரசியல் என்று சொல்வார்கள். கவர்னர் மாளிகை அந்தத் தெருவில்தான் இருந்தது, அதனால் அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் கடைகள்தான் முதல் காரணம். ஸ்பென்ஸர், பி. ஆர் அண்ட் சன்ஸ், 1844-லிருந்து புத்தகம் விற்கும் ஹிக்கின்பாதம்ஸ், ஒயிட்டவே லெய்ட்லா… துணி, கடிகாரம், சீமைச் சரக்கு, மருந்து எல்லாம் அந்த ஒரு மைலுக்குள். இவர்கள் கொடுத்த விளம்பரத்தில்தான் பத்திரிகை ஓடியது. உங்கள் ஹிந்துவின் முதல் பக்கத்தில் செய்தி இல்லை என்கிறீர்களே, அந்தப் பக்கமே என் சாட்சி. 1958 ஜனவரி 14, பொங்கல் அன்றுதான் ஹிந்து முதல் பக்கத்துக்குச் செய்தியைக் கொண்டுவந்தது. அதுவரைக்கும் வாசலில் கடை, உள்ளே போனால்தான் பத்திரிகை. அந்தத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எத்தனை விளம்பரத்தில் மவுண்ட் ரோடு முகவரி இருக்கிறது என்று எண்ணிச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று ரயில். ஒரு பக்கம் சென்ட்ரல், இன்னொரு பக்கம் எழும்பூர். தெற்கே போகிற வண்டிக்கும் வடக்கே போகிற வண்டிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு பேப்பர் அடிக்க இதைவிட வசதியான தெரு கிடையாது.

இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருப்பது, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டவர்கள் நடந்து போகிற தூரத்தில் இருந்ததுதான். வெள்ளைக்கார வியாபாரிகளின் குரலாக மெயில். காங்கிரஸ் பக்கம் ஹிந்து. 1917-ல் பிராமணரல்லாதார் இயக்கம் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையை ஆரம்பித்தது, கட்சிக்கே அந்தப் பெயர் வந்தது. 1935-ல் ‘விடுதலை’ புறப்பட்டதும் 14, மவுண்ட் ரோட்டிலிருந்து. காலையில் ஒருவர் எழுதுவதற்கு மாலையில் எதிர்க்கட்டடத்திலிருந்து பதில் வரும். இப்போது ட்விட்டரில் நடக்கிற சண்டைதான். என்ன, அப்போது எழுத்துப்பிழை குறைவு.

எழுத்து என்றதும் இன்னொன்று. 1935-ல்தான் பெரியார் தன் பத்திரிகைகளில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். லை, னை எல்லாவற்றுக்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி சுழித்துக்கொண்டு ஓர் உருவம் இருக்கும், றா, னா, ணாவுக்குத் தனித்தனி வால் இருக்கும். உங்கள் மித்திரன் தாளில் பார்க்கலாம். அதையெல்லாம் எடுத்துவிட்டு, மற்ற எழுத்துக்கு எப்படியோ அப்படியே இதற்கும் என்றார். அரசாங்கம் அதை ஏற்று உத்தரவு போட்டது 1978-ல், எம்.ஜி.ஆர். காலத்தில். படித்தவர்கள் இதை மொழிக் கொள்கையாகப் பேசுவார்கள். எங்களுக்கு அது முதுகுவலி சம்பந்தப்பட்டது.

ஆங்கிலக் கம்பாசிட்டருக்குக் கையெட்டும் தூரத்தில் முழு எழுத்தும் இருக்கும். தமிழில் கு, கூ என்று ஒவ்வொன்றும் தனி ஈய எழுத்து. அதற்கு மேல் கொம்பு, கால், புள்ளி வைத்தது, தும்பிக்கைக்காரர்கள். எழுத்து போட்டு வைக்கும் கேஸில் அறைக்கு மேல் அறை. ஒரு ‘னை’ எடுக்க உடம்பைத் திருப்பி மேலே கை நீட்ட வேண்டும். இடது கையில் எழுத்தை அடுக்குகிற ஸ்டிக். எழுத்தைத் தலைகீழாக அடுக்குவோம், தலைகீழாகவே படிப்போம். பழகிவிட்டால் நேரான எழுத்துதான் விசித்திரமாகத் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘ம்’ தீர்ந்துபோகும். தமிழில் ‘ம்’ இல்லாமல் எந்தத் தலைவர் பேசுவார்? அப்போது அதே பருமனில் வேறு ஓர் எழுத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே போவோம். திருத்தம் பார்க்க எடுக்கும் புரூஃபில் அந்த இடமெல்லாம் கறுப்புக் கட்டையாக விழும். அச்சடித்து முடித்த பழைய பக்கத்தின் எழுத்துகளைப் பிரித்துப் போட்டு ‘ம்’ கிடைத்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவோம். ஒரு தடவை ஓர் அமைச்சரின் பேச்சில் ஒரு கட்டையை மாற்ற விட்டுப்போய், அப்படியே அச்சேறிவிட்டது. அவர் சொன்ன ஏதோ ஒன்றை வேண்டுமென்றே மறைத்திருக்கிறோம் என்று ஊரெல்லாம் பேச்சு. இதழ் முழுக்க விற்றுத் தீர்ந்துபோயிற்று.

ஈயத்துக்கு முறிவு என்று வேலை முடிந்ததும் வாழைப்பழம் சாப்பிடச் சொல்வார்கள். அதனால் ஈயம் இறங்கியதோ இல்லையோ, பசி அடங்கியது.

பழையபெட்டி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பூதக்கண்ணாடி இல்லை, போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். முழு முகவரி படிக்க முடிகிற விளம்பரங்களில் பாதிக்கு மேல் மவுண்ட் ரோடுதான். ஒரு கண்ணாடிக் கடை, ஒரு தையல்காரர், பியானோ விற்கிறவர்! மித்திரனில் தும்பிக்கை ‘லை’யும் இருக்கிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஏன் போனார்கள்? கடையும் ரயிலும் அங்கேயேதானே இருக்கின்றன?

பண்டல் எழுதியது:

அப்பா ஏஜென்ட். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் பேப்பர் போட்டு வளர்ந்தவன் நான். ஈயக்கை அண்ணன் உள்ளேயிருந்து சொன்னார், நான் வாசலிலிருந்து சொல்கிறேன்.

வெளியூருக்குப் போகிற டாக் எடிஷன் முன்னால் அச்சாகி ரயிலுக்குப் போய்விடும். சிட்டி எடிஷன் கடைசியில் வரும். விடியற்காலை மூன்று மூன்றரைக்கு வண்டி வந்து பண்டல்களைத் தள்ளிவிட்டுப் போகும். ஈர மை வாசனையோடு சூடாக இருக்கும். மார்கழியில் பண்டல் மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. மெயின் ஷீட்டுக்குள் சப்ளிமெண்ட்டைச் செருகுவது, எந்தத் தெருவுக்கு எத்தனை என்று பிரிப்பது, சைக்கிள் காரியரில் கட்டுவது எல்லாம் பிளாட்பாரத்தில் குந்தியபடியேதான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் ஏஜென்ட் தலையில்தான் விடியும். விற்காமல் மிஞ்சியதைத் திருப்பி எடுப்பதில் ஓர் ஆபீஸ் எங்கள் அப்பாவைப் படுத்திய பாடு தனிக் கதை. இப்போது எதற்கு அது.

1987 டிசம்பர் 24 மறக்காது. எம்.ஜி.ஆர். விடியற்காலையில் இறந்தார். காலைப் பேப்பர் அதற்குள் அச்சாகிக் கட்டாகி சைக்கிளில் ஏறிவிட்டது. நாங்கள் வீட்டு வாசலில் போட்ட பேப்பரில் அவர் உயிரோடு இருந்தார். ரேடியோ கேட்ட ஜனங்கள் அதே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பிடித்து, “இதில் ஒன்றும் இல்லையே” என்று கோபித்துக்கொண்டார்கள். பகலில் மவுண்ட் ரோடு பக்கம் போகவே முடியவில்லை. கருணாநிதி சிலையை உடைத்தது அந்தக் கலவரத்தில்தான்.

ரயிலைப் பற்றி ஒன்று. ரயில்தான் மவுண்ட் ரோட்டின் பலம் என்றால், அது முதலில் போனது ஹிந்து ஆபீஸிலேயே. 1963-ல் சொந்த விமானம் வாங்கி வெளியூருக்குப் பேப்பர் அனுப்பினார்கள். 1969-ல் பக்கத்தை அப்படியே ஃபேக்ஸ் மாதிரி கோயம்புத்தூருக்கு அனுப்பி அங்கேயே அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பக்கமே பறந்து போகும்போது எழும்பூர் ஸ்டேஷன் கிட்டே இருந்தால் என்ன, தூரத்தில் இருந்தால் என்ன?

மெரினாகாத்து எழுதியது:

தந்தி வேப்பேரி. சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்பனையில் அவர்கள்தான் ராஜா, அதை யாரும் மறுக்க முடியாது.

ஈயக்கை எழுதியது:

யார் மறுத்தது?

பண்டல் தம்பி சொன்னது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அதோடு மனை விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டரி மெஷினும் ரீல் ரீலாகக் காகிதமும் வைக்க ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும். அண்ணா சாலையில் அந்த இடத்தில் வேறு என்ன கட்டினாலும் அச்சடிப்பதைவிட லாபம்.

ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்தால் சக்கரம் முழுசாகச் சுற்றியது தெரியும். கிளப் ஹவுஸ் ரோட்டில் பழைய மெட்ராஸ் கிளப் இருந்தது. வெள்ளைக்காரர்கள் மட்டும் போகிற இடம். சுதந்திரத்தை ஒட்டி அதைக் கோயங்கா வாங்கினார், எக்ஸ்பிரஸ் எஸ்டேட் ஆயிற்று. சீமைத் துரைகள் உட்கார்ந்த இடத்தில் எக்ஸ்பிரஸும் தினமணியும் வந்தன. ஏ.என். சிவராமன் 1987 வரைக்கும் தினமணிக்கு ஆசிரியராக இருந்தார். அவருடைய தலையங்கத்தைப் படித்துவிட்டுத்தான் எங்கள் ஃபோர்மேன் முதல் எழுத்தைத் தொடுவார். பின்னால் பத்திரிகைகள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டன. 2010-ல் அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் திறந்தார்கள். இன்று மாலுக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த ‘எக்ஸ்பிரஸ்’ ஒரு பத்திரிகை என்று தெரியுமோ, ரயில் என்று நினைக்கிறார்களோ.

உங்கள் மித்திரனின் விக்டரி ஹவுஸும் இதே கதைதான். ஒயிட்டவே லெய்ட்லா துணிக்கடை இருந்த இடம் அது. கடையை மூடிய பிறகு மித்திரன் வந்தது. மித்திரனுக்கு அப்புறம் வி.ஜி.பி. வந்தார்கள், ஃபிரிட்ஜும் கட்டிலும் தவணையில் விற்றார்கள். பெயரை மட்டும் விடவில்லை, வி.ஜி.பி. விக்டரி ஹவுஸ். கடை போய்ப் பத்திரிகை வந்தது, பத்திரிகை போய்க் கடை வந்தது. மெயில் 1981-ல் நின்றது. கட்டடம் நிற்கிறது, சிவப்புக் கட்டடம். பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் தலையைத் தூக்கினால் தெரியும்.

அதனால்தான் கடையை முதல் காரணமாகச் சொன்னேன். பேப்பர் அந்தத் தெருவுக்கு வந்தது கடைக்காரன் காசை நம்பி. கடைக்காரனுக்குப் பேப்பர் இருந்த இடமே தேவைப்பட்டபோது பேப்பர் நகர்ந்துகொண்டது. கணினி வந்துதான் மவுண்ட் ரோடு காலியானது என்று சிலர் எழுதுகிறார்கள். கணினி காலி செய்தது எங்களைத்தான், தெருவை இல்லை. எண்பதுகளில் ஒரு நாள் எங்கள் கேஸ் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார்கள். ஈயத்துக்கு நல்ல விலை கிடைத்ததாம். எங்கள் பணத்தை வாங்கத்தான் லேபர் கோர்ட் வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது.

தம்பி, அந்தத் தாள்களை லாமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் பழைய நியூஸ்பிரிண்ட் பொரிந்துவிடும், அப்புறம் பிரிக்கவும் முடியாது. மடிப்பைப் பிரித்து, நடுவில் வெள்ளைக் காகிதம் வைத்து, வெயில் படாத இடத்தில் தட்டையாக வையுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் அச்சைப் பாதுகாப்பது அவர்கள் வேலை, போய்க் காட்டினால் சரியாக யோசனை சொல்வார்கள். போவதற்கு முன்னால் அந்த விளம்பரப் பக்கத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போட்டுவிடுங்கள். பியானோ விற்றவர் எந்தக் கதவு எண்ணில் இருந்தார் என்று பார்க்க வேண்டும்.